ஒரு கடிதம், இரண்டு தட்டச்சு இயந்திரங்கள்: தேதித் தகராறு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு சிறிய மொத்த வியாபார நிறுவனத்தில் வந்த தகராறு. சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். ஆய்வுக்குத் தேவையான ஆண்டுகள் மட்டும் இருக்கின்றன.

1960-களின் தொடக்கத்தில் இரண்டு நண்பர்கள் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம். மூத்தவர் முதல் போட்டார், இளையவர் வியாபாரத்தை நடத்தினார். சரக்கு வைக்கும் கிடங்கு மூத்தவர் பெயரில் இருந்தது. இருவரும் காலமான பிறகு அது யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. அப்போது இளையவரின் மகன் ஒரு பக்கக் கடிதத்தைக் கொண்டுவந்தார். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாள், ஆங்கிலத் தட்டச்சு, 14 மார்ச் 1969 என்ற தேதி, அடியில் மூத்தவரின் கையெழுத்து.

கடிதத்தில் மூன்று பத்திகள். வியாபாரம் நடக்கும்வரை கிடங்கை இருவருக்கும் பொதுவான சொத்தாகக் கருத வேண்டும் என்பது முதல் இரண்டு பத்திகளின் சாரம். மூன்றாவது பத்தி ஒரே வாக்கியம்: கூட்டு கலைந்தாலும் கிடங்கில் பாதி இளையவரைச் சேரும். சண்டையே இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

மூத்தவர் குடும்பம் இதைப் போலி என்றது. இளையவர் குடும்பத்துக்கு ஆய்வு என்ற பேச்சே பிடிக்கவில்லை. "அவர் போட்ட கையெழுத்து கண்ணெதிரே இருக்கு சார், இதுல ஆராய என்ன இருக்கு?" என்று மகன் கேட்டார். நீதிமன்றத்துக்குப் போகும் முன் இரு தரப்பும் ஒரு நடுவரை ஏற்றுக்கொண்டன. பழைய அலுவலகத் தாள்களையும் தட்டச்சு எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழில் என்பதால் நடுவர் என்னை அழைத்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: இந்தக் கடிதம் 1969-ல் தட்டச்சு ஆனதா?

கையில் கிடைத்தவை

முதலில் வந்தது ஒளிநகல். அதை வைத்துக் கருத்துச் சொல்ல மறுத்தேன். ஒளிநகலில் எழுத்தின் வடிவம் ஓரளவு தெரியும். அழுத்தம், மையின் தன்மை, தாளில் விழுந்த பள்ளம் எதுவும் தெரியாது. தட்டச்சு என்பது அடிப்படையில் உலோகம் தாளை அடிக்கிற வேலை. அடி விழுந்த இடத்தைப் பார்க்காமல் சொல்லப்படும் கருத்துக்கு மதிப்புக் குறைவு.

மூலக் கடிதம் வந்தது. கூடவே மூத்தவர் வீட்டுப் பரணிலிருந்து கையால் இயக்கும் பழைய மேசைத் தட்டச்சு இயந்திரம் ஒன்றும் வந்தது. நிறுவனம் ஆரம்பித்தபோது வாங்கியது, கடைசிவரை இதில்தான் கடிதங்கள் அடித்தார்கள் என்று இரு குடும்பமும் ஒரே குரலில் சொன்னார்கள். கொடுக்கும் முன் தூசி தட்டி, எண்ணெய் விட்டு, எழுத்துகளைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டார்கள். கூடாது என்று தடுத்தேன். எழுத்தின் குழியில் அடைத்திருக்கும் பழைய மையும் ஒரு தடயம். ஆங்கில 'ஈ' (e), 'ஓ' (o) போன்ற எழுத்துகளின் வயிற்றுப்பகுதி மை அடைத்துக் கறுப்பாக விழுவது சுத்தம் செய்தால் போய்விடும் குறை. எழுத்தின் முனை உடைந்திருப்பது போகாத குறை. இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் இயந்திரத்தில் யாரும் கை வைக்கலாம்.

இயந்திரத்தின் கையெழுத்து

தட்டச்சுக் கடிதத்துக்கு முகம் கிடையாது, எந்த இயந்திரத்தில் அடித்தாலும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். தட்டச்சு வந்த புதிதில் மொட்டைக் கடிதம் எழுதியவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்பர்ட் ஆஸ்போர்ன் போன்ற ஆவண ஆய்வாளர்கள் அது தவறு என்று காட்டிவிட்டார்கள். பழைய வகை இயந்திரத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிக் கம்பியின் நுனியில் இருக்கிறது. ஒவ்வொரு கம்பியும் தன் போக்கில் வளைகிறது, தேய்கிறது. சில ஆண்டுகள் ஓடிய எந்த இயந்திரத்துக்கும் அதற்கே உரிய கோணல்கள் வந்துவிடும்.

பழைய இயந்திரத்தில் மாதிரி எடுத்தேன். அதே வாசகத்தை மெதுவாகவும் ஓங்கியும் அடித்தேன். பிறகு ரிப்பனை விலக்கிவிட்டு, கார்பன் தாளை வைத்து நேரடியாக அடித்தேன். துணி ரிப்பனின் நெசவு குறுக்கே வராததால் எழுத்தின் உண்மையான விளிம்பு அப்படித்தான் தெரியும். சிற்றெழுத்து 'ஆர்' வரிக்குக் கீழே இறங்கி வலப்பக்கம் சாய்ந்திருந்தது. 'டி'யின் (t) குறுக்குக்கோட்டில் இடது முனை உடைந்திருந்தது. 'என்' எழுத்தின் வலது பாதம் பாதிதான் விழுந்தது.

அடுத்து கடிதம். கட்டம் கீறிய கண்ணாடித் தகட்டை அதன்மேல் வைத்தேன். அங்குலத்துக்கு 10 எழுத்து, அதாவது ஓர் எழுத்துக்கு 2.54 மில்லிமீட்டர். இது பைக்கா அளவு. அங்குலத்துக்கு 12 எழுத்து விழும் எலீட் அளவாக இருந்திருந்தால் வேறு இயந்திரம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பழைய இயந்திரமும் பைக்காதான். ஒளிநகலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்ததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் எண் 1. அக்காலத்து இயந்திரங்கள் பலவற்றில் 1-க்குத் தனி விசை கிடையாது. சிற்றெழுத்து 'எல்'லைத்தான் 1 ஆக அடிப்பார்கள். இந்தப் பழைய இயந்திரமும் அந்த வகைதான். கடிதத்திலும் 1 வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'எல்'தான் இருந்தது. அதனால் இரு குடும்பத்துக்கும் இது பழைய இயந்திரத்தின் வேலையாகவே தெரிந்திருக்கிறது.

உருப்பெருக்கியில் பார்த்தபோது கதை மாறியது. கடிதத்தில் 'ஆர்' வரியில் நேராக நின்றது. 'டி'யும் 'என்'னும் முழுதாக இருந்தன. எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மை. துணி நெசவின் தடமே இல்லை. கையால் அடிக்கும் இயந்திரத்தில் இடது சுண்டுவிரலில் வரும் 'ஏ' (a) பெரும்பாலும் மங்கலாகவும், முற்றுப்புள்ளி தாளைத் துளைக்கிற மாதிரியும் விழும். இதில் எல்லா எழுத்தும் ஒரே கனத்தில் இருந்தன. விரல் பலம் சம்பந்தப்படாத மின் இயந்திரம், ஒருமுறை மட்டும் ஓடும் பிளாஸ்டிக் கார்பன் ரிப்பன். எழுத்து கூரியர் என்ற வடிவ வகை. 1961-ல் ஐபிஎம் நிறுவனத்தின் செலெக்ட்ரிக் மின் தட்டச்சு இயந்திரம் கொண்டுவந்த உருண்டை எழுத்துத் தலையில், அதாவது 88 எழுத்துகளும் ஒரே பந்தின்மேல் 4 வரிசையாக அமைந்த தலையில், அடித்ததற்கான அடையாளங்கள் எல்லாம் இருந்தன.

1969-ல் செலெக்ட்ரிக் இருந்ததே, அதில் அடித்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுத்து வகையை மட்டும் வைத்து இந்தக் கடிதத்தைத் தள்ளியிருக்க முடியாது.

திருத்தத்தின் அடியில்

தேதியில் 69 என்ற இரண்டு இலக்கங்களின் அருகே தாளின் பளபளப்பு கொஞ்சம் வேறாக இருந்தது. ரப்பரால் அழித்திருந்தால் தாளின் நார் கிளம்பியிருக்கும். வெள்ளைப்பூச்சு இருந்தால் மேடு தட்டும். இரண்டும் இல்லை.

அறையை இருட்டாக்கி, ஒரு சிறு விளக்கைத் தாளின் மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தேன். 69-இன் அடியில் மை இல்லாத இரண்டு பள்ளங்கள் தெரிந்தன. விளக்கை நான்கு பக்கமும் மாற்றி மாற்றிப் பிடித்துப் படித்தேன். 76.

இந்த வகைத் திருத்தம் எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் ரிப்பனின் கார்பன் தாளுக்குள் ஊறாமல் மேலேயே உட்கார்ந்திருக்கும். திருத்த விசையை அமுக்கி அதே எழுத்தை மறுபடி அடித்தால், இயந்திரத்தில் உள்ள ஒட்டும் நாடா அந்தக் கார்பனை உரித்து எடுத்துவிடும். கண்ணுக்குத் தாள் வெள்ளையாகிவிடும். ஆனால் உலோகமோ பிளாஸ்டிக்கோ, தலை தாளில் குத்திய பள்ளம் போகாது. சொல்லப்போனால் இரண்டு முறை குத்து வாங்குவதால் அது இன்னும் ஆழமாகும். இந்த உரித்தெடுக்கும் வசதியுடன் ஐபிஎம் தன் கரெக்டிங் செலெக்ட்ரிக் 2 இயந்திரத்தை வெளியிட்டது 1973-ல். அதற்குப் பிறகுதான் இந்த முறை அலுவலகங்களில் பரவியது.

ஆக, 1976-ல் ஒருவர் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை அடிக்கிறார். தேதி அடிக்கும்போது விரல் பழக்கத்தில் நடப்பு ஆண்டை அடித்துவிடுகிறது. பிறகு உரித்துவிட்டு 69 அடிக்கிறார். ஜனவரி மாதத்தில் பழைய ஆண்டை எழுதிவிட்டு அடித்துத் திருத்தாதவர்கள் யாரும் இல்லை. அதே போன்ற கைப்பழக்கம்தான் இதுவும்.

அறிக்கையை நிறுத்தி வைத்தது

நடுவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: 1969-ல் தட்டச்சு ஆகவில்லை. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் என் வேலை முடிந்தது. மூத்தவர் குடும்பம் ஜெயித்திருக்கும்.

நான் நடுவரிடம் கூடுதல் அவகாசம் கேட்டேன். காரணம் கடிதத்திலேயே இருந்தது. கூரியர் பந்தில் 1-க்கு எழுத்து உண்டு, விசையும் உண்டு. அப்படியிருந்தும் அடித்தவர் எல்லா இடத்திலும் 'எல்'லையே போட்டிருந்தார். கூரியரில் 'எல்'லின் தலை படுக்கையாகவும் 1-இன் தலை சாய்ந்தும் இருப்பதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பழைய இயந்திரத்தில் கைபழகிய ஒருவர், புதிய இயந்திரத்திலும் விரல் பழக்கத்தை விடாமல் அடித்திருக்கிறார். தேதியை மாற்றி ஏமாற்ற நினைக்கும் அயலார் ஒருவரை விட, அந்த நிறுவனத்திலேயே பல வருஷம் கடிதம் அடித்த ஒருவருக்கு இது பொருத்தமாக இருந்தது. அப்படியானால் பழைய கடிதம் ஒன்றைப் பார்த்து மறுபடி அடித்தது என்பதற்கும் வாய்ப்பு உண்டு. பழுதான, கிழிந்த, மை மங்கிய கடிதங்களைப் புதிதாக அடித்து வைப்பது அலுவலகங்களில் சாதாரணமாக நடந்த காரியம். போலி என்ற சொல் ஒருமுறை குடும்பத்துக்குள் நுழைந்துவிட்டால் அப்புறம் திரும்பப் பெற முடியாது. அந்த வாய்ப்பைச் சோதிக்காமல் அறிக்கை தரக்கூடாது என்று முடிவு செய்தேன்.

நடுவர் ஒப்புக்கொண்டார். இதுவரை கண்டதை இரு தரப்பிடமும் ஒரே கூட்டத்தில், ஒரே வார்த்தைகளில் சொன்னோம். நிறுவனத்தின் பழைய நகல்களையும் கணக்குப் புத்தகங்களையும் யாரிடம் இருந்தாலும் கொடுக்கும்படி கேட்டோம்.

நகல் பெட்டி

கார்பன் தாளுக்கு ரால்ஃப் வெட்ஜ்வுட் காப்புரிமை வாங்கியது 1806-ல். ஆனாலும் அது பல பத்தாண்டுகள் அதிகம் பயன்படாமலே கிடந்தது. இறகுப் பேனா அடித்தாளில் பதியும் அளவுக்கு அழுத்தாது. ஷோல்ஸும் கிளிடனும் உருவாக்கிய இயந்திரத்தை ரெமிங்டன் 1874-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கார்பன் தாளுக்கு வேலை வந்தது. அதற்கு முன் குமாஸ்தா கையால் பிரதி எடுப்பார், அல்லது ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தி எடுப்பார்கள். தட்டச்சும் கார்பனும் சேர்ந்த பிறகு, வெளியே போகும் கடிதம் அடிக்கும் நேரத்திலேயே தன் பிரதியை அலுவலகத்தில் விட்டுவிட்டுப் போனது. தட்டச்சு வியாபாரத்துக்குக் கொடுத்த பெரிய கொடை வேகம் என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பிரதிதான். ஒரு நிறுவனம் தான் யாருக்கு என்ன சொன்னது என்பதைத் தானே திரும்பப் பார்க்க முடிந்தது இதனால்தான். இந்தப் பெட்டிகளைத்தான் குப்பை என்று தூக்கிப் போடுகிறார்கள். பார்க்கும்போது வயிறு எரிகிறது.

நல்லவேளை, மூத்தவரின் மகள் ஒரு தகரப்பெட்டியைப் போடாமல் வைத்திருந்தார். 1962 முதல் 1984 வரையிலான மெல்லிய தாள் நகல்கள். 1969-ஆம் ஆண்டுக் கட்டில் அந்தக் கடிதம் இல்லை. கிடங்கின் கூரை பழுதுபார்த்தது சம்பந்தமான கட்டில் இருந்தது.

தேதி 14 மார்ச் 1969. இரண்டே பத்திகள். மூன்றாவது பத்தி இல்லை. ஒரு சொல்லின்மேல் 'எக்ஸ்' வரிசையாக அடித்து மறைத்திருந்தது. கார்பன் நகலில் மறைத்த சொல்லும் மங்கலாகத் தெரிகிறது. எழுதியவர் முதலில் என்ன நினைத்தார், பிறகு எப்படி மாற்றினார் என்பதை இந்த இயந்திரம் மறைப்பதே இல்லை. தகராறான கடிதத்தில் அந்த இடம் மறைப்பு இல்லாமல் சுத்தமாக இருந்தது. முதல் இரண்டு பத்திகளிலும் ஒவ்வொரு வரியும் எந்தச் சொல்லில் முடிகிறதோ, கடிதத்திலும் அதே சொல்லில் முடிந்தது. பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி பார்த்து அடித்தால்தான் அப்படி வரும்.

இந்த நகலும் பிற்காலத்தில் செய்யப்பட்டதாக இருக்கலாம் அல்லவா? அதையும் சோதித்தேன். இதுதான் இந்த ஆய்விலேயே அதிக நேரம் பிடித்த வேலை. பெட்டியில் இருந்த நகல்களைத் தேதி வரிசையில் அடுக்கி, மூன்று எழுத்துகளை மட்டும் பின்தொடர்ந்தேன். 'டி'யின் முனை 1967 தொடக்கத்து நகல்களில் முழுதாக இருக்கிறது. அந்த ஆண்டின் நடுவிலிருந்து உடைந்தே விழுகிறது. 'என்' எழுத்தின் பாதம் 1972 வரை சரியாக இருக்கிறது, அதன்பின் பாதிதான். 'ஆர்' ஆரம்பத்திலிருந்தே சாய்வு, ஆண்டு போகப்போக இன்னும் கீழே இறங்குகிறது. கார்பன் நகலில் விளிம்பு மங்கும் என்பதால் ஓர் இடத்தை மட்டும் நம்பக்கூடாது. ஆங்கிலத்தில் 'டி'யும் 'என்'னும் வரிக்குப் பல முறை வருவதால் ஒரே பக்கத்தில் நிறைய இடங்களில் சரிபார்க்க முடிந்தது. தகராறான தேதியிட்ட நகலில் 'டி' உடைந்திருக்கிறது, 'என்' முழுதாக இருக்கிறது. 1967 நடுவுக்கும் 1972-க்கும் இடையில் அடித்தது. 1969 என்ற தேதி அதற்குள் அடங்குகிறது.

கணக்குப் புத்தகத்தில் 1975-ல் மின் தட்டச்சு இயந்திரம் வாங்கிய பதிவும், 1980-களில் கம்ப்யூட்டர் வந்தபின் அதை விற்ற பதிவும் இருந்தன. பழைய இயந்திரத்தைக் கடைசிவரை வைத்திருந்ததால், இடையில் இன்னொன்று வந்துபோனதை இரு குடும்பமும் மறந்தேவிட்டன.

அறிக்கையில் எழுதியதும் எழுதாததும்

எழுதியது: 1969-ல் இரண்டு பத்திகள் கொண்ட ஒரு கடிதம் நிறுவனத்தின் பழைய இயந்திரத்தில் அடிக்கப்பட்டது. 1973-க்குப் பிந்திய வகை மின் இயந்திரத்தில், அநேகமாக 1976-ல், அது மறுபடி அடிக்கப்பட்டு மூன்றாவது பத்தி சேர்க்கப்பட்டது. தேதியை வேண்டுமென்றே பழையதாக வைத்திருக்கிறார்கள். எண் 1, பத்தி தொடங்கும் ஐந்து எழுத்து இடைவெளி, முற்றுப்புள்ளிக்குப் பின் விடும் இரண்டு இடைவெளி ஆகிய பழக்கங்கள் இரண்டிலும் ஒத்துப்போகின்றன.

அடித்தவர் பெயரை எழுதவில்லை. ஒரே பயிற்சி பெற்ற பலருக்கு இந்தப் பழக்கங்கள் பொதுவாக இருக்கும். எந்த நோக்கத்தில் அடித்தார்கள் என்பதையும் எழுதவில்லை.

தட்டச்சு ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு என்றும் ஒரு பத்தி சேர்த்தேன். அமெரிக்க அரசு அதிகாரியாக இருந்த ஆல்ஜர் ஹிஸ் மீதான பொய்ச்சாட்சி வழக்கில், ஒரு உட்ஸ்டாக் தட்டச்சு இயந்திரத்தின் எழுத்துகளைப் பெரிய சான்றாகக் கொண்டு 1950-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. பிறகு அவருடைய வழக்கறிஞர்கள் கேட்டதன்பேரில், தட்டச்சுப் பழுதுபார்ப்பதில் பேர்பெற்ற மார்ட்டின் டைட்டெல், இன்னோர் இயந்திரத்தின் எழுத்துகளை மாற்றியமைத்து அதே போன்ற எழுத்து வரச்செய்ய முயன்றார். அந்த வழக்கைப் பற்றிய வாதம் ஓயவில்லை. ஓர் இயந்திரத்தை இன்னொன்றைப் போல நடிக்க வைக்கப் பெரும் உழைப்பு வேண்டும் என்பதோடு, முடியவே முடியாது என்று சொல்லக்கூடாது என்பதும் அதிலிருந்து தெரிகிறது. நம் வழக்கில் 22 ஆண்டு நகல்களின் தேய்மானம் ஒரே போக்கில் இருந்ததும், கணக்குப் புத்தகம் தனியாக ஒத்துப்போனதும்தான் எனக்குத் தைரியம் கொடுத்தன.

பின்பு நடந்தது

கையெழுத்தை வேறொரு நிபுணர் பார்த்தார். மூத்தவர் 1970-களில் போட்ட கையெழுத்துகளோடு ஒத்துப்போகிறது என்றார். 1976-ல் கூட்டாளிகள் இருவரும் உயிரோடு, தொழிலில் இருந்தார்கள்.

அதன் பிறகு நடுவரின் அறையில் பேச்சின் தொனியே மாறியது. மூத்தவர் குடும்பம் போலி என்ற குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றது. இளையவர் குடும்பம் கடிதம் 1969-ல் எழுதியது என்ற வாதத்தைக் கைவிட்டது. நடுவர் அதை 1976-ஆம் ஆண்டு உடன்பாடாக எடுத்துக்கொண்டார். அதற்கு முந்திய வருஷங்களின் வாடகை பற்றிய கோரிக்கை இதனால் தள்ளுபடியானது. பாதிப் பங்கு நின்றது. இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவில்லை.

அடுத்த முறை மாறவேண்டியவை

இயந்திரத்தைக் கேட்பதற்கு முன் கணக்குப் புத்தகத்தைக் கேட்பது என்று வரிசையை மாற்றியிருக்கிறேன். எந்த ஆண்டு எந்த இயந்திரம் வாங்கினார்கள், விற்றார்கள் என்ற ஒரு பக்கப் பட்டியல் கையில் இருந்தால் எழுத்துகளைப் பார்க்கும் வேலை பாதியாகக் குறையும். குடும்பத்தின் ஞாபகத்தைக் குறித்துக்கொள்ளலாம், அதன்மேல் எதையும் கட்டக்கூடாது.

பயன்படுத்திய பிளாஸ்டிக் ரிப்பன் இருக்கிறதா என்று இப்போது தவறாமல் கேட்கிறேன். ஒருமுறை ஓடும் ரிப்பனில் அடித்த எழுத்துகள் வரிசையாகக் காலியிடங்களாக நிற்கும். சுருளைப் பிரித்தால் கடிதத்தையே படித்துவிடலாம். இந்த வழக்கில் இயந்திரத்தோடு அதுவும் போய்விட்டது.

மூலத்தாளை யாரும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிப் பாதுகாக்கக்கூடாது என்பதை முதல் தொலைபேசிப் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன். சூட்டில் அழுத்தி ஒட்டினால் பள்ளங்கள் தட்டையாகிவிடும். இந்தக் கடிதத்துக்கு அப்படிச் செய்திருந்தால் 76 என்ற எண்ணை யாராலும் பார்த்திருக்க முடியாது.

பழைய இயந்திரங்களைக் கழித்துக்கட்ட நினைக்கும் அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கொடுக்கும் முன் எல்லா எழுத்துகளையும் எண்களையும் சிறிய, பெரிய வடிவங்களில் ஒரு தாளில் அடித்து, இயந்திரத்தின் வரிசை எண்ணையும் தேதியையும் குறித்து, நகல் கட்டோடு சேர்த்து வைத்துவிட வேண்டும். உருண்டைத் தலை இயந்திரமாக இருந்தால், கையில் இருக்கும் ஒவ்வொரு பந்துக்கும் தனித்தாள் வேண்டும், ஏனென்றால் பந்தைக் கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டிவிட முடியும். பந்தின் குறை எது, இயந்திரத்தின் குறை எது என்று பிரித்துப் பார்க்க அந்தத் தாள்கள் தேவைப்படும்.